திறந்த கதவும் திரும்பாத மனமும்: நீடித்த இல்லத் தனிமையும் ஆயர்பணியும்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நம் நாடெங்கும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பெரிய வெள்ளியையும், 12ஆம் நாள் உயிர்த்தெழுதல் திருநாளையும் சபையார் தத்தம் இல்லங்களிலேயே அனுசரித்தனர். தமிழ்நாட்டில் சிற்றூர்களின் சிறிய ஆலயங்கள் ஜூலையிலும், ஏனைய ஆலயங்கள் செப்டம்பரிலும் மீண்டும் திறக்கப்பட்டன. 2021இல் நோயின் இரண்டாம் அலை எழுந்தபோது அவை மறுபடியும் மூடப்பட்டன. திறக்கப்பட்ட பின்னரும் அவ்வாண்டின் பிற்பகுதியில் பல வாரங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் வழிபாட்டுக்கு அனுமதி இல்லாதிருந்தது. உலக சுகாதார நிறுவனம், கொரோனா இனி உலகளாவிய அவசரநிலை அன்று என 2023 மே 5ஆம் நாள் அறிவித்தது.

இக்காலத்தைக் கடந்துவந்த குருமார் பலர் ஒன்றை அறிவர். கதவுகள் திறந்தன, ஆனால் சிலர் திரும்பி வரவில்லை. முதியோர், கைம்பெண்கள், நெடுநாள் நோயாளர், வேலை இழந்த நடுவயதினர், கல்லூரியைத் தொடராத இளைஞர் எனப் பலவகையினர் இவருள் உளர். இவர்கள் வாராமைக்கு நாம் வழக்கமாகக் கூறும் காரணங்கள் மூன்று: விசுவாசம் தணிந்துவிட்டது, தொலைக்காட்சி வழிபாடே போதும் என்னும் சோம்பல் வந்துவிட்டது, வயது முதிர்ந்துவிட்டது. இவை சிலரிடத்தில் உண்மையாகவும் இருக்கலாம். எனினும் நாம் போதிய அளவு எண்ணிப்பாராத நான்காவது காரணம் ஒன்று உண்டு. நீடித்த தனிமை, தன்னைத்தானே நீட்டித்துக்கொள்ளும் இயல்புடையது. நெடுநாள் வீட்டிலேயே அடைபட்டவரின் மனம், அடைப்பு நீங்கிய பின்னரும் வெளியே வர இயலாத நிலைக்கு மாறிவிடக்கூடும். அவ்வாறாயின், "கதவு திறந்திருக்கிறது, அவர் வரட்டும்" என்று காத்திருக்கும் ஆயர், நடக்க இயலாதவரை நோக்கி நடந்துவரச் சொல்பவராகிறார். இக்கருத்தை உளவியல் நோக்கிலும் திருமறை நோக்கிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

தனிமை என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று வேறுபட்ட நிலைகளைக் குறிக்கிறோம். முதலாவது, தனித்திருத்தல். ஒருவர் தாமே விரும்பி, ஒரு நோக்கத்துக்காக, குறித்த காலத்துக்கு மனிதரை விட்டு விலகியிருப்பது இது. ஆண்டவர் அதிகாலையில் வனாந்தரமான இடத்துக்குச் சென்று ஜெபித்தது இவ்வகையினது. அவர் சென்றார், பின்பு ஊர்களுக்குத் திரும்பி வந்தார். இரண்டாவது, தனிமைப்படுதல். மனிதத் தொடர்புகள் உண்மையிலேயே குறைந்துவிட்ட புறநிலை இது. எத்தனை பேரைச் சந்திக்கிறார், எத்தனை பேரோடு உரையாடுகிறார் என எண்ணிக் கணக்கிடக் கூடியது. மூன்றாவது, தனிமையுணர்வு. தமக்கு வேண்டிய உறவுக்கும் கிடைத்திருக்கும் உறவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை உள்ளம் உணரும் வேதனை இது. பலர் நிறைந்த வீட்டிலும் இது உண்டாகலாம். தனியே வாழ்பவரிடம் இல்லாமலும் போகலாம்.

அமெரிக்கச் சமூகவியலார் இராபர்ட் வைஸ் 1973இல் வெளியிட்ட நூலில் தனிமையுணர்வையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நெருங்கிய ஒருவரை இழந்ததால் வருவது ஒன்று. தாம் சேர்ந்திருந்த கூட்டத்தை, வட்டத்தை இழந்ததால் வருவது மற்றொன்று. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப முடியாது என்பது அவருடைய முடிவு. ஆயர்பணிக்கு இது மிகவும் பயனுள்ள வேறுபாடாகும். வெளிநாட்டிலிருக்கும் மகன் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்தாலும், பெண்கள் ஐக்கிய சங்கத்தை இழந்த தாயாரின் குறை தீர்வதில்லை. அவ்வாறே, சங்கத்தார் அனைவரும் வந்துபோனாலும், கணவரை இழந்தவரின் வெறுமை உடனே அகல்வதில்லை. இவருக்கு எவ்வகை உறவு குறைந்திருக்கிறது என்று கேட்டறியாமல் ஆறுதல் சொல்லப் புகுவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

2. அடைபட்ட மனத்தில் நிகழ்வன யாவை?

முதலாவது, காலத்தின் ஒழுங்கு குலைகிறது. ஞாயிறு ஆராதனை, புதன்கிழமை ஜெபக்கூட்டம், சந்தை நாள், பாடகர் குழுவின் பயிற்சி ஆகியவை வாரத்துக்கு வடிவம் தருகின்றன. இவை நீங்கியதும் ஒரு நாளுக்கும் மற்றொரு நாளுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. வெளியே செல்லாதவர்மீது காலை வெயில் படுவதில்லை. உடலின் உறக்க ஒழுங்கு பகலொளியையே பெரிதும் சார்ந்திருப்பதால், பகலில் அயர்வும் இரவில் விழிப்பும் தொடர்கின்றன. உறக்கம் கெட்ட மனம் துயரத்தைத் தாங்கும் வலிமையை இழக்கிறது.

இரண்டாவது, பணி பறிபோகிறது. ஆலயத்துக்கு மலர் அடுக்குபவர், காணிக்கை எண்ணுபவர், ஓய்வுநாட் பள்ளியில் கற்பிப்பவர், அசன விருந்துக்குக் காய் நறுக்குபவர் ஆகியோர்க்கு அச்சிறு பணிகளே "நான் இன்னும் தேவைப்படுகிறேன்" என்னும் சான்றாக விளங்குகின்றன. வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஆராதனையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அவற்றின் முன் அமர்ந்திருப்பவருக்கு அவை எப்பணியையும் தருவதில்லை.

மூன்றாவது, எண்ணம் சுழலத் தொடங்குகிறது. பிறரோடு பேசும்போது நம் எண்ணங்கள் திருத்தப்படுகின்றன. கேட்பவர் மறுக்கிறார், சிரிக்கிறார், வேறொன்றை நினைவூட்டுகிறார். பேச்சுத் துணையற்றவரின் மனத்திலோ பழைய காயமும் பழைய குற்றவுணர்வும் திருத்துவாரின்றித் திரும்பத் திரும்ப எழுகின்றன. இதுவே மனச்சோர்வு வேரூன்றும் நிலம்.

நான்காவது, இக்கட்டுரையின் கருத்துக்கு அடிப்படையானது. தனிமையுற்ற மனம் மற்றவரை ஐயுறத் தொடங்குகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தனிமையுணர்வைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜான் கசியோப்போவும் அவருடைய உடன் ஆய்வாளரும் இதனை விளக்கியுள்ளனர். பசி உடலை உணவின்பால் செலுத்துவதுபோல, தனிமையுணர்வு மனிதரை உறவின்பால் செலுத்த வேண்டிய ஓர் அடையாளமாகும். ஆனால் அது நீடிக்கும்போது, மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் விழிப்பு நிலைக்குச் செல்கிறது. பிறர் முகத்தில் புறக்கணிப்பையும் பிறர் சொல்லில் குத்தலையும் விரைந்து கண்டுபிடிக்கிறது. "இத்தனை மாதம் வராதவர் இன்று ஏன் வருகிறார்?" என்று எண்ணுகிறது. அவ்வையத்தால் அவர் விலகுகிறார். விலகுவதைக் கண்டு மற்றவரும் விலகுகின்றனர். அவர் எண்ணியது மெய்யாகிவிட்டதுபோலத் தோன்றுகிறது. வட்டம் முழுமையடைகிறது.

இவ்விளக்கத்துக்கு ஆய்வுகளின் சான்றுகள் உண்டு. முந்திய கொள்ளைநோய்களில் தனிமைப்படுத்தப்பட்டோரைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து, இலண்டன் கிங்ஸ் கல்லூரியார் 2020 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடைபட்ட காலம் நீளநீள மனத்துன்பம் மிகுகிறது. நோயச்சம், சலிப்பு, பொருட்குறை, தெளிவான செய்தியின்மை, வருமான இழப்பு, பிறர் தூற்றுதல் ஆகியவை அதனைக் கூட்டுகின்றன என அவர்கள் கண்டனர். அக்கட்டுரை எடுத்துக்காட்டும் ஆய்வுகளுள் ஒன்று 2003இல் கனடாவில் சார்ஸ் நோயின்போது தனிமைப்படுத்தப்பட்டோரைப் பற்றியது. அவர்களுள் 26 விழுக்காட்டினர், தனிமைக்காலம் முடிந்த பின்னும் சில வாரங்கள் மக்கள் நெருங்கிய மூடிய இடங்களைத் தவிர்த்தனர். 21 விழுக்காட்டினர் பொது இடங்கள் அனைத்தையுமே தவிர்த்தனர். சில நாள்களே அடைபட்டோரின் நிலை இதுவெனில், ஈராண்டு வீட்டிலிருந்தவரின் நிலையை நாம் எளிதாக எண்ணலாகாது.

பொது முடக்கம் தளர்ந்த பின்னரும், 65 வயதைக் கடந்தோர் இன்றியமையாத தேவைக்கன்றி வீட்டை விட்டு வெளியேற வேண்டாம் என நடுவண் அரசின் வழிகாட்டுதல்கள் அறிவுறுத்தின. நோயிலிருந்து காக்க அது தேவையாயிருந்தது. ஆயினும் மற்றவர்க்குச் சில மாதங்களில் முடிந்த அடைப்பு முதியோர்க்கு மட்டும் நீண்டது என்பதை நாம் மறக்கலாகாது. 2020இல் உலகளவில் மனச்சோர்வும் பதற்ற நோயும் ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்தன என உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. முதுமை மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் தடுக்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக, சமூகத் தொடர்பின்மையையும் 2020இல் லான்செட் ஆணைக்குழு சேர்த்தது. செவிப்புலன் குறைவும் அப்பட்டியலில் உண்டு. 148 ஆய்வுகளையும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கிய 2010ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று, வலுவான உறவுகளை உடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவரைவிட 50 விழுக்காடு மிகுதி எனக் கூறுகிறது. ஆகவே தனிமை என்பது உள்ளத்தின் மெல்லிய வருத்தம் மட்டுமன்று. உயிரைத் தொடும் நோய்க்காரணமுமாகும்.

இவற்றோடு, அழுது தீராத துக்கத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். முடக்கக் காலத்தில் நல்லடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என விதிக்கப்பட்டிருந்தது. நம் வழக்கில் இறப்பு வீடு ஊரார் கூடும் வீடு. உறவினர் கட்டிப்பிடித்து அழுவதும், சபையார் இரவெல்லாம் பாடுவதும், அடுத்த வீட்டார் சோறு கொண்டுவருவதும் துக்கத்தைச் சுமக்கும் தோள்கள். அத்தோள்களின்றிக் கணவரையோ பெற்றோரையோ அடக்கம் செய்தவர் பலர். அவர்களுள் சிலர் வீட்டை விட்டு வெளிவராமைக்கு, அன்று நடவாமற்போன அழுகையே காரணமாயிருக்கலாம்.

3. திருமறையும் திருச்சபை வரலாறும் கற்பிப்பன

எலியாவின் வரலாறு (1 இராஜாக்கள் 19) நன்கு அறியப்பட்டது. கர்மேலின் வெற்றிக்குப் பின்பு அவர் தம் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துள் செல்கிறார். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டுகிறார். துணையை விட்டு நீங்கியதும் சாவை விரும்பியதும் அடுத்தடுத்து வருவது கவனிக்கத்தக்கது. இறைவன் முதலில் தருவது உறக்கமும் அப்பமும் தண்ணீரும், தொட்டு எழுப்பும் ஒரு கையுமே. போதனை பின்னரே வருகிறது. தாம் ஒருவனே மீந்திருப்பதாக எலியா இருமுறை முறையிடுகிறார். அது தனிமையுற்ற மனத்தின் கணக்கு. ஏழாயிரம் பேர் உளர் என்பது இறைவனின் கணக்கு. அதனைக் கூறியதோடு நில்லாமல், எலிசாவையும் அவருக்குத் துணையாகத் தருகிறார். எனவே ஓய்வு, உணவு, தொடுதல், பணி, துணை என்பது இவ்வதிகாரம் காட்டும் வரிசை.

பவுலடிகள் உரோமாபுரியில் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் காவலில் இருந்தார். தம்மிடம் வந்த அனைவரையும் ஏற்றுக்கொண்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் முடிவடைகிறது. வீட்டுக்காவலை அவருக்குத் தாங்கத்தக்கதாக்கியது வந்தோரின் வருகையே. இரண்டாம் தீமோத்தேயு நிருபமோ வேறொரு நிலையைக் காட்டுகிறது. பலர் பிரிந்துபோயினர்; லூக்கா மட்டுமே உடனிருக்கிறார். அந்நிலையில் கேட்கப்படுவன யாவை? மேலங்கி, புத்தகங்கள், மாற்கு, மாரிகாலத்துக்கு முன் தீமோத்தேயுவின் வருகை. ஆழ்ந்த விசுவாசமுடைய அப்போஸ்தலரும் போர்வையையும் தோழரையும் கேட்கலாம் என்றால், நம் சபையின் முதியவர் அவற்றைக் கேட்பதை விசுவாசக் குறைவென்று கருதுவது எவ்வாறு பொருந்தும்?

தனித்திருத்தலைப் பெருநெறியாகக் கொண்ட பாலைநிலத் துறவியரே அதன் ஆபத்தையும் நன்கறிந்திருந்தனர். நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த எவாக்ரியு, நண்பகலில் துறவியைத் தாக்கும் சோர்வை விவரிக்கிறார். பொழுது நகர மறுக்கிறது. துறவி அடிக்கடி சாளரத்தை நோக்குகிறார். சகோதரரிடையே அன்பு அற்றுப்போயிற்று, தம்மைத் தேற்றுவார் எவருமிலர் என்று எண்ணுகிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின் உளவியலார் ஆய்ந்து கண்ட ஐயத்தை, எவாக்ரியு தம் அறையின் அனுபவத்திலிருந்தே எழுதிவிட்டார் எனலாம். அதே நூற்றாண்டில் செசரியாவின் பேசில், தனிவாழ்வினும் குழுவாழ்வே சிறந்தது என வாதிட்டார். தனியே வாழ்பவர் யாருடைய கால்களைக் கழுவுவார் என்பது அவருடைய வினாவின் சாரம். பணியின்றி வாழ்தலே தனிமையின் பெருங்குறை என்பதை அவர் கண்டார்.

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் லூத்தரையும் நினைவுகூர வேண்டும். 1521 மே முதல் 1522 மார்ச் வரை வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த காலத்தில் அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இதனை நாம் பெருமையுடன் கூறுகிறோம். அதே காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் சோர்வையும் சோதனையையும் உடல்நோவையும் முறையிடுகின்றன என்பதைக் கூற மறக்கிறோம். பிற்காலத்தில் மனச்சோர்வுற்றோர்க்கு அவர் எழுதிய அறிவுரை, தனிமையை விட்டு ஓடுங்கள், நண்பரோடு உண்டு பேசி மகிழுங்கள் என்பதே. அது பட்டறிந்தவரின் சொல்.

4. ஆயர்பணிக்கான சில வழிகள்

முதலாவது, வாராதவர் யார் என்று அறிதல். சபைப் பதிவேட்டை மூப்பர்களோடும் உபதேசியாரோடும் அமர்ந்து பெயர் பெயராகப் படிப்பது நலம். காணிக்கை நின்றவர் யார் என்று பார்ப்பதற்கு முன், குரல் கேட்டு நெடுநாளானவர் யார் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, சிறிதாகவும் ஒழுங்காகவும் சந்தித்தல். ஐயுறும் மனத்துக்கு ஆண்டுக்கொருமுறை வரும் பெருங்கூட்டம் அச்சத்தையே தரும். ஒருவரோ இருவரோ, குறித்த கிழமையில், கால் மணி நேரம் வந்துபோவது நன்று. வருவேன் என்று சொன்ன நாளில் தவறாது வருவதே பாதி மருந்து. முதற் சந்திப்பில் அவர் பேசாதிருந்தாலும் அதனை மறுப்பாகக் கொள்ளலாகாது. ஆலயத்துக்கு வாராமையைப் பற்றிய கண்டிப்பு முதற் சந்திப்புகளில் எவ்வகையிலும் இடம்பெறலாகாது.

மூன்றாவது, பணி கொடுத்தல். அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது, அவருக்கு ஒன்றைக் கொடுப்பதினும் சில வேளைகளில் பெரிய உதவியாகும். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கான பெயர்களை எழுதித்தரச் சொல்லலாம். சபை வரலாற்றில் அவருக்கு நினைவிருப்பதை ஓர் இளைஞர் குறித்துக்கொள்ளச் செய்யலாம். தம்மைப்போலவே வீட்டிலிருக்கும் வேறொருவரைத் தொலைபேசியில் அழைக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம்.

நான்காவது, படிப்படியாக வெளிக்கொணர்தல். இல்லத்தில் திருவிருந்து, பின்பு திண்ணையில் சிறு ஜெபம், பின்பு அடுத்த வீட்டுக்கூட்டம், பின்பு கூட்டம் குறைந்த வார நாளில் ஆலயத்துக்கு ஒரு வருகை, இறுதியாக ஞாயிறு ஆராதனை. ஒவ்வொரு படியிலும் அவர் கையைப் பிடித்து உடன்வரும் ஒருவர் தேவை. காது கேளாமையால் கூட்டத்தை அஞ்சுவோரும் உளர். அவர்களுக்குச் செவிக்கருவியும் முன்வரிசை இருக்கையும் போதுமானவையாகலாம்.

ஐந்தாவது, நம் எல்லையை அறிதல். இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காத சோர்வு, உணவையும் உறக்கத்தையும் இழத்தல், தூய்மையைக் கைவிடுதல், இல்லாத குரல்களைக் கேட்டல், சாவைப் பற்றிப் பேசுதல் ஆகியவை மருத்துவ உதவியைக் கோரும் அடையாளங்கள். சாவைப் பற்றிப் பேசுபவரிடம், அவ்வெண்ணம் உண்டா என்று நேராகவும் அன்பாகவும் கேட்பது அதனைத் தூண்டுவதாகாது. பெரும்பாலும் அவருக்கு அது ஆறுதலே தரும். அவரைத் தனியே விட்டுவரலாகாது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் பேசலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மனநோயைப் பேய்ப்பிடி என்றோ பாவத்தின் தண்டனை என்றோ கூறுவது, ஏற்கெனவே ஒதுங்கியிருப்பவரைப் பாளயத்துக்குப் புறம்பே தள்ளுவதாகும்.

இங்கே குருமனையையும் சேர்த்து எண்ண வேண்டும். இடமாற்றத்தால் புதிய ஊருக்கு வரும் குருவானவருக்கு உடனே ஒரு சபை கிடைத்துவிடுகிறது. அவருடைய துணைவியாருக்கு எளிதில் ஒரு தோழி கிடைப்பதில்லை. ஓய்வுபெற்ற குருவானவரோ நாற்பது ஆண்டுகள் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியவர்; இன்று அவர் கதவைத் தட்டுவார் அரியர். அருகிலுள்ள இளைய குருமாரும் இறையியல் மாணவரும் இக்கடமையைத் தங்களுடையதாகக் கொள்வார்களாக.

5. பூட்டிய கதவுகளுக்குள்

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் இப்பொருளுக்குரிய இறுதிப் பாடத்தைத் தருகிறது. உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் சீடர் அச்சத்தால் கதவுகளைப் பூட்டியிருந்தனர். ஆண்டவர் அவர்கள் நடுவே வந்தார், சமாதானம் கூறினார், அவர்கள் கண்டு மகிழ்ந்தனர், அனுப்பப்பட்டும் ஆயினர். எட்டு நாள்கள் கழிந்தன. மறுபடியும் அவர்கள் வீட்டுக்குள்ளே இருக்கின்றனர். மறுபடியும் கதவுகள் பூட்டியிருக்கின்றன. உயிர்த்த ஆண்டவரைக் கண்களால் கண்டவர்களும் ஒரு வாரத்தில் கதவைத் திறந்துவிடவில்லை. அச்சத்தில் அடைபட்ட மனம் நற்செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் வெளியே ஓடிவந்துவிடாது என்பதைத் திருமறை மறைக்கவில்லை.

ஆண்டவர் அக்கதவுகளைக் குறித்து ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அவர் இரண்டாம் முறையும் வந்தார். வந்து, தம் காயங்களைத் தொடுவதற்குத் தோமாவை அழைத்தார். ஒருமுறை சென்று பார்த்தேன், அவர் வரவில்லை என்று பதிவேட்டில் கோடிட்டு நிறுத்தும் ஆயர் இவ்விரண்டாம் வருகையை எண்ணிப்பார்க்க வேண்டும். இவ்வாரத்தில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். சென்று தட்டுங்கள். எட்டு நாள் கழித்து மீண்டும் செல்லுங்கள்.